ஒற்றை விசில்

விசில் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் காரின் இடப்பக்கக் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கதவில் முதல் கீறல் விழுந்தபோது பழி எதிர்வீட்டுக்காரரின் சைக்கிள் மேல் போனது. அடுத்த கீறலுக்கு எங்கள் வாசல் தூணே குற்றவாளி. "எந்த மடையன் தூணை இவ்ளோ வெளிய தள்ளிக் கட்டுனது?" என்று என் மாமனார் கத்தினார். கொத்தனாரைப் பக்கத்தில் நிறுத்தி, அளந்து, அந்தத் தூணைக் கட்டவைத்தவர் அவரேதான். அதை அன்றைக்கு யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு என்பது பேருக்குத்தான். காலையில் எழுந்ததும் கார்ச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் பல் தேய்ப்பார். கால் மூட்டு பிடித்துக்கொள்ளும், மருந்து சாப்பிட்டோமா இல்லையா என்று மறந்துவிடும், பேத்தியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார். காது மட்டும் பாம்புக் காது. சமையலறையில் நாங்கள் கிசுகிசுப்பது கூடத்தில் அவருக்குக் கேட்டுவிடும்.

இடப்பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கிய அன்று என் கணவர் ஒருவழியாக வாயைத் திறந்தார். திறந்த விதம்தான் சரியில்லை. "வயசாயிடுச்சுப்பா, புரிஞ்சுக்கோங்க. சாவியக் குடுத்துடுங்க" என்று, அடம்பிடிக்கும் பிள்ளையிடம் கத்திரிக்கோலைக் கேட்பதுபோலக் கையை நீட்டினார். மாமனார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "என்னைத் தூக்கிட்டுப் போன பிறகு பையிலேருந்து எடுத்துக்கோ. அதுக்கு ரொம்ப நாள் ஆகாது." அதன் பிறகு வெகுநாள் அவர் மகனோடு பேசவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே அவர் தனியாக மென்றுகொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நானாவது பேசியிருக்கலாம். என் வேலையே பேச்சுதான். ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் நாள் முழுக்கத் தொலைபேசியில் உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்களிடம் "உங்க கஷ்டம் புரியுதுங்க" என்று தேன் ஒழுகப் பேசுகிறவள் நான். ஆனால் அந்தத் தேன் எல்லாம் அலுவலகத்திலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்கு வரும்போது நாக்கில் மிளகாய்தான் மிச்சம் இருக்கும். என் நாக்குக்குப் பயந்தே நான் சும்மா இருந்தேன்.

இனி சித்தப்பா. என் மாமியாருக்குத் தம்பி. என் கணவருக்குத் தாய்மாமன் என்றால் எனக்கு அப்பா முறை, அதனால் சித்தப்பா. ஊருக்கு அவர் விசில்காரர். இளவயதில் கண்டக்டராகச் சேர்ந்தார். அக்காவின் கணவர் டிரைவர், தம்பி கண்டக்டர், ஒரே பஸ், ஒரே வழித்தடம். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும். இது எல்லாப் பஸ்ஸிலும் உள்ளதுதான். இவர்களிடம் அது வெறி. எதிரே சாலை காலியாகக் கிடந்தாலும், பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தே செத்தாலும், இரண்டு விசில் விழாமல் மாமனார் வண்டியை அசைக்க மாட்டாராம்.

சித்தப்பாவின் பேச்சைப் பற்றி மாமியார் நிறையச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் யாரையும் "எறங்கு" என்று அவர் சொன்னதில்லை. குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனிடமும் "அண்ணே, உங்க எடம் வந்துடுச்சு, வீட்ல தேடுவாங்க" என்பார். அவனும் ஆட்டுக்குட்டி மாதிரி இறங்கிப் போவான். அது அவனுடைய ஸ்டாப்பிங்காக இருக்காது, அது வேறு விஷயம். வயதானவர்கள் படியில் கால் வைக்கும்போது மட்டும் தவறாமல் ஒன்று சொல்வார்: "மெதுவா எறங்குங்க. வண்டி நிக்குது."

ஒருநாள் வண்டி நிற்கவில்லை. பின்படியில் ஒரு அம்மா இறங்கிக்கொண்டிருந்தபோதே பஸ் நகர்ந்துவிட்டது. அந்த அம்மா விழுந்தார். சக்கரம் அவருடைய பாதத்தின் மேல் ஏறியது. உயிர் பிழைத்தார், பாதம் பிழைக்கவில்லை.

விசாரணையில் சித்தப்பா, "நான் ஒரு விசில்தான் அடிச்சேன்" என்றார். மாமனார், "எனக்கு ரெண்டு கேட்டுச்சு" என்றார். பயணிகளில் பாதிப்பேர் ஒன்று என்றார்கள், பாதிப்பேர் இரண்டு என்றார்கள். விசில் இல்லாமல் வண்டியை எடுக்கவே மாட்டார் என்று பேர் எடுத்த டிரைவரின் சொல்தான் எடுபட்டது. சித்தப்பாவுக்கு வேலை போயிற்று. அவருக்கு நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டிலும் பின்வாங்கிவிட்டார்கள். கடைசியில் ஒரு மாவு மில்லில் வேலை கிடைத்தது, மில்லுக்குப் பின்னாலேயே ஒரு அறையும் கிடைத்தது. அதன் பிறகு அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாவுத் தூசியை மூச்சாக இழுத்தபடியே அவருக்கு வயதாகிவிட்டது.

மாமியார் தன் கணவரிடம், "நெசமா எத்தனை கேட்டுச்சு?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்தான். பதில் தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு இந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். மாமியார் உயிரோடு இருந்தவரை தம்பி எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. அந்தச் சாவிச் சண்டைக்குப் பிறகு, மாமியார் இறந்த அன்றுதான் வந்தார். வந்தவர் மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் போனபிறகுதான் மாமனார், "சாப்டியா மாப்ளே?" என்றார். "இல்ல மாமா" என்றார் அவர். அவ்வளவுதான், வருஷக்கணக்கான பகை அன்றோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அதன் பிறகு சித்தப்பா தினமும் வந்தார். சாவி மாமனாரிடமே இருந்தது; பிற்பகலில் பள்ளிக்குப் போய் என் மகளை அழைத்து வருவதும் பழையபடி அவர் வேலைதான். சித்தப்பா காரில் இடப்பக்க சீட்டில் ஏறிக்கொள்வார். கழுத்தில் கயிற்றோடு அந்தப் பழைய விசில் தொங்கும். கார் தெருவில் போகும்போது விசில் சத்தம் கேட்கும். ஒன்று, பிறகு இரண்டு. தெருவே சிரித்தது. கிழவர்கள் இருவரும் பழைய நினைப்பில் விளையாடுகிறார்கள் என்று நாங்களும் சிரித்தோம். கதவில் புதிய கீறல் விழுவதும் நின்றுபோயிருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது ஒரு விடுமுறை நாளில். மகள் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். முன் நாற்காலியில் ஒரு பொம்மை, அதன் ஒரு கண்ணின் மேல் கைக்குட்டை கட்டியிருந்தது. பக்கத்து நாற்காலியில் இன்னொரு பொம்மை. அதன் வாயில் பென்சில் மூடி.

"எதுக்குடி கண்ணைக் கட்டியிருக்க?" என்றேன்.

"அது பெரிய தாத்தா. பெரிய தாத்தாவுக்கு அந்தப் பக்கம் தெரியாதும்மா. விசில் தாத்தா ஊதினாதான் நிறுத்துவாரு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன். அன்னிக்கு விசில் தாத்தாவுக்கு இருமல் வந்துச்சா, ஊத முடியல. கார் போயிட்டே இருந்துச்சு. ஒரு அக்கா குதிச்சு ஓடுனாங்க." இதைச் சொல்லிவிட்டு அவள் பொம்மையின் கைக்குட்டையை இன்னும் இறுக்கமாகக் கட்டினாள்.

அப்படியென்றால் கார் ஓடியது சித்தப்பாவின் மூச்சில். மாவு தின்று தீர்த்த அந்த மூச்சில்தான் என் பிள்ளை தினமும் வீடு வந்து சேர்ந்திருக்கிறாள். அந்த மூச்சு எந்தத் திருப்பத்தில் அடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

செருப்பை மாட்டிக்கொண்டு நேராக மில்லுக்குப் போனேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தது. பின்னறையில் சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து, முழங்கால்களில் கையூன்றி, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. என்னைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"பாப்பா சொல்லிட்டாளா?" என்றார்.

"உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"முதல் நாளே தெரியும்மா. வண்டியில ஏறினேன், இடப்பக்கமா ஒரு நாய் குறுக்க வந்துச்சு. மாமா பாக்கவே இல்ல. என்னையறியாம ஒரு விசில் அடிச்சேன். சடக்குனு நிறுத்திட்டாரு. கண் டாக்டர்கிட்டயும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். இடது கண்ணு போயிடுச்சு, இனிமே ஓட்டவே கூடாதுன்னுட்டாங்க. வீட்ல சொல்லாதன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு."

"அவர் சொன்னா நீங்க கேட்டுக்குவீங்களா? பாப்பாவை வச்சுக்கிட்டா இந்த விளையாட்டு?" மில் சத்தத்தையும் மீறி என் குரல் எழும்பியது. "உங்க வேலையைத் தின்னவரு, உங்க கல்யாணத்தைத் தின்னவரு. இந்த நெஞ்சு இப்படி ஆனதுக்கும் அவர்தான் காரணம். இப்ப மிச்சம் இருக்குற மூச்சையும் அவருக்கே ஊதிக் குடுக்குறீங்களா?"

சித்தப்பா கோபிக்கவில்லை. நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். குடித்துவிட்டுக் கத்துகிறவர்களிடமும் அப்படித்தான் பொறுத்திருப்பார்போல.

"தப்புதாம்மா" என்றார். "மாமா ஓட்டாம இருந்தா செத்துடுவாருன்னு பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்குன்னு அந்த இருமல் வந்த அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுலேருந்து தூக்கமே இல்ல."

"அவரை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வி இல்லைதான். ஆனால் என் வாய் நின்ற இடத்தில் நிற்காது.

"மன்னிச்சேனான்னு எனக்கே தெரியல. கோவத்தைச் சுமந்துக்கிட்டுப் படி ஏற முடியல, மூச்சு வாங்குது. அதான் கீழயே வச்சிட்டு வந்துட்டேன்." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"இன்னிக்கே நான் மாமாகிட்ட பேசறேன்" என்றேன்.

"நீ பேசினா சாவி கிடைக்கும். அதுக்கப்புறம் அந்த வீட்ல மாமாவுக்குத் தலை நிமிந்து உக்கார ஒரு எடம் இருக்காது. நாளைக்கு ஒரு நாள் எனக்குக் குடு. பாப்பாவை வண்டியில ஏத்த வேணாம், நான் பாத்துக்கறேன்."

"நான் வண்டியில வருவேன். நீங்க என்ன பேசுவீங்க?"

"பேச மாட்டேன்மா" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, ஆசிரியையைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிப் பின் சீட்டில் ஏறினேன். திரும்பி வரும்போது மகளோடு ஆட்டோ பிடிப்பதாக ஏற்பாடு. சித்தப்பாவின் உதடுகள் வெளிறிக் கிடந்தன. ஏறி உட்கார்ந்தவர் விசிலை வாயில் வைத்ததுதான், எடுக்கவில்லை. மாமனார் இரண்டு விசிலுக்காகக் காத்திருந்து வண்டியை எடுத்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, தெருவில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. நான் மட்டும் முன் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி போகும் வழியெல்லாம் இடப்பக்கத்தில் இத்தனை உயிர் இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நடைபாதையிலிருந்து கால் எடுத்து வைக்கும் பெண், பந்தைத் துரத்தும் பிள்ளை, கதவைத் திறக்கும் வேன்காரர். அவர்களில் ஒருவரும் மாமனாரின் கண்ணுக்குத் தெரியவில்லை. நேரே பார்த்தபடி, முதுகை நிமிர்த்தி, ராஜா மாதிரி ஓட்டினார். ஒரு விசில் விழுந்தபோது நின்றார், இரண்டு விழுந்தபோது எடுத்தார்.

கடைத்தெருத் திருப்பத்தில் சித்தப்பாவுக்கு இருமல் வந்தது. விசில் வாயிலிருந்து நழுவி நெஞ்சில் விழுந்தது. கார் மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. அங்கே ஒருவர் குனிந்து தள்ளுவண்டியின் சக்கரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருடைய முதுகு எங்கள் கதவுக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

"மாமா" என்று அலறிவிட்டேன்.

அவர் திடுக்கிட்டார். திடுக்கிட்டதில் கால் பிரேக்குக்குப் போகவில்லை, வண்டி இன்னும் துள்ளி முன்னால் போனது. சித்தப்பா இருமிக்கொண்டே ஸ்டீயரிங்கில் ஒரு கை கொடுத்து மெல்லத் திருப்பினார். தள்ளுவண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தபோது நாங்கள் தாண்டியிருந்தோம். அவர் முதுகுக்கும் எங்கள் கதவுக்கும் நடுவில் ஒரு கை நுழைந்திருக்காது.

"பின்னாடி உக்காந்துக்கிட்டுக் கத்தாத" என்று மாமனார் சீறினார். "கத்துனா எனக்கு எதுவும் ஓடாது." அவர் சொன்னது உண்மைதான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சித்தப்பா விசிலை எடுத்து மறுபடி வாயில் வைத்தார்.

பள்ளிக்கூடம் வந்தது. வாசல் இடப்பக்கம். மணி அடித்துவிட்டிருந்தது, சாலையைக் கடப்பதற்காகப் பிள்ளைகள் ஓரத்தில் திரண்டு நின்றார்கள். தாத்தாவின் கார் வழக்கமாக நிற்கும் எதிர்ப்பக்கத்துக்குப் போக, முன்வரிசையில் என் மகள். ஆசிரியை கையைக் காட்டியதும் அவர்கள் சாலையில் இறங்கினார்கள். கார் வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. நான் சித்தப்பாவின் முதுகைப் பார்த்தேன். தோள் எலும்புகள் மேலே ஏறின. அவ்வளவு நேரமும் சேர்த்து வைத்திருந்த மூச்சை எல்லாம் போட்டு ஒரே ஒரு விசில் அடித்தார்.

மாமனாரின் கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது. கார் குலுங்கி நின்றது. பிள்ளைகள் எங்கள் முன்னால் கடந்தார்கள். யாருடைய புத்தகப்பையோ பானெட்டில் உரசிக்கொண்டு போனது. என் மகள் தாத்தாவைப் பார்த்துக் கையாட்டினாள்.

"இதுங்க எங்கேருந்து வந்துச்சு?" என்றார் மாமனார். யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. குரல் மிகச் சின்னதாக இருந்தது.

பிள்ளைகள் போய்விட்டார்கள். சாலை காலியானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மாமனார் காத்திருந்தார். சித்தப்பா கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அடி மாப்ளே."

சித்தப்பா அடிக்கவில்லை.

"மூச்சு வரலியா?"

"வருது மாமா."

"அப்ப அடி. பின்னாடி கத்துறான்."

"அடிக்க மாட்டேன் மாமா. இனிமே இல்ல."

ஹாரன்கள் பெருகின. யாரோ ஜன்னலைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார். மாமனார் நினைத்திருந்தால் வண்டியை எடுத்திருக்கலாம். சாலை திறந்து கிடந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கை கியர்மேல் இருந்தது. எடுத்துவிடுவாரோ, எடுத்துவிடுவாரோ என்று பின்னாலிருந்து அந்தக் கையையே பார்த்தேன். அவர் சித்தப்பாவின் பக்கம் தலையைத் திருப்பினார். நன்றாகத் திருப்பினால்தான் அவருக்கு அந்தப் பக்கம் தெரியும். நெடுநேரம் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார்.

"அன்னிக்கும் நீ ஒண்ணுதான் அடிச்ச" என்றார்.

சித்தப்பா விசிலை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். அவருடைய மூச்சு மட்டும் காருக்குள் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"தெரியும் மாமா" என்றார்.

"வண்டி லேட்டு. அந்தம்மா எறங்கியிருப்பாங்கன்னு நெனச்சேன். அவசரப்பட்டுட்டேன்." மாமனாரின் உதடு கோணியது. "ஒண்ணுதான் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு."

சித்தப்பா ஆறுதலும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கி, பானெட்டைப் பிடித்துப் பிடித்து மூச்சிரைக்கச் சுற்றிவந்து, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். பின்னால் வந்த வண்டிகளை ஒரு கையால் நிறுத்தினார். மாமனார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சாவி அதன் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

சித்தப்பா தன் இன்னொரு கையை அவருக்கு நீட்டினார்.

"மெதுவா எறங்குங்க மாமா" என்றார். "வண்டி நிக்குது."